சிறுநீர்ப் புரதத்துக்கான எலைசா: எத்தனை மடங்கு ஐதாக்குவது?

நிலாவெளி_மாணவி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் உள்ள ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் எனது பட்டப் பின்படிப்புக்கான ஆய்வைச் செய்து வருகிறேன். பதவிசிறிபுரப் பக்கத்து விவசாயிகளிடமிருந்து, அவர்களது எழுத்து மூல இணக்கத்துடன், 52 சிறுநீர் மாதிரிகளைச் சேகரித்திருக்கிறேன். காரணம் தெளிவாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் அப்பகுதியிலும் இருப்பதால், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பாதிக்கப்படும்போது சிறுநீரில் கூடுகின்ற என்-கால் என்ற புரதத்தை புரதத்தை இரு பிறபொருளெதிரிகளுக்கு நடுவில் பிடித்து நிறத்தால் அளக்கும் இரட்டைப் பிறபொருளெதிரி எலைசா முறையால் அளப்பதே என் நோக்கம்.

என்னிடம் ஒரே தொகுதி எண்ணைக் கொண்ட இரண்டு கிட்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 96 குழிகள் கொண்ட ஒரு தட்டு உண்டு. அத்தட்டை எட்டுக் குழிகள் கொண்ட பன்னிரண்டு பட்டிகளாகக் கழற்றலாம். ஒவ்வொரு கிட்டிலும் உலர்ந்த நியமப் புரதம் இரண்டு குப்பிகள் வந்தன. நியம வளையியின், அதாவது செறிவு தெரிந்த நியமங்களை ஓட்டி வரையும் ஒப்பீட்டுக் கோட்டின், வீச்சு மில்லிலீற்றருக்கு 0.156 முதல் 10 நனோகிராம் வரை என வழிகாட்டித் தாள் சொல்கிறது. ஐதாக்கல் பற்றி அது சொல்வதெல்லாம் "தகுந்த ஐதாக்கலைப் பயனரே தீர்மானிக்க வேண்டும்" என்ற ஒரு வாக்கியம் மட்டுமே.

வேறொரு நாட்டில் நடந்த ஆய்வில் 1:10 பயன்படுத்தியிருந்ததைப் பார்த்து, நானும் எட்டு மாதிரிகளை 1:10 ஆக ஐதாக்கி, மாதிரிக்கு இரண்டு குழிகளாக மூன்று பட்டிகளில் ஓட்டிப் பார்த்தேன். மூன்று மாதிரிகள் மேல் நியமத்தையும் தாண்டிவிட்டன, ஒன்று கீழ் நியமத்துக்கும் கீழே போய்விட்டது, நான்கு மட்டுமே வளையிக்குள் விழுந்தன. தாண்டிய மூன்றுக்கும் கணினி 14, 22, 61 என எண்களைத் தந்திருக்கிறது. அவற்றை 10 ஆல் பெருக்கி எழுதலாமா என்று கேட்டபோது, என்னுடன் வேலை செய்பவர்களுள் ஒருவர் எழுதலாம் என்றும் இன்னொருவர் கூடாது என்றும் சொன்னார்கள்.

இன்னொரு கிட் வாங்குவதற்குப் பணம் இல்லை. பணம் கிடைத்தாலும் கொழும்பு முகவரிடமிருந்து வந்து சேர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகிறது. மீதமுள்ள 21 பட்டிகளுக்குள், மூன்று நியமக் குப்பிகளைக் கொண்டு, 52 மாதிரிகளுக்கும் நம்பத்தக்க அளவீடு கிடைக்க எந்த ஐதாக்கலைத் தெரிவு செய்ய வேண்டும்?

—

உப்புவெளி_எம்எல்ரி எழுதியது:

அன்புத் தங்கைக்கு, முதலில் அந்த மூன்று எண்களைப் பற்றி. அவற்றை எழுதவே கூடாது. நியம வளையி என்பது நீங்கள் குழியில் இட்ட நியமங்களுக்கு இடையே மட்டும் பொருள் தருவது. 10 க்கு மேலே ஒரு நியமமும் இல்லாதபோது கணினி அந்தக் கோட்டைத் தானாக நீட்டி ஓர் எண்ணை எடுத்துக் கொடுக்கிறது. அந்தப் பகுதியில் வளையி கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால், உறிஞ்சலில், அதாவது குழியின் நிற அடர்த்தியில், ஏற்படும் மிகச் சிறிய மாற்றம்கூடச் செறிவில் பல மடங்கு மாற்றமாகத் தோன்றும். உங்களுடைய 61 உண்மையில் 30 ஆகவும் இருக்கலாம், 300 ஆகவும் இருக்கலாம். அந்த மாதிரிகளைப் பற்றி இன்றைக்கு நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது "100 நனோகிராமுக்கு மேல்" என்பது மட்டுந்தான். அதேபோலக் கீழே போன மாதிரியும் பூச்சியம் அன்று, "1.56 க்குக் கீழ்" என்றுதான் பதிய வேண்டும். 0.156 என்ற எல்லை ஐதாக்கற் காரணியால் பெருகிவிடுவதை இளையவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். 1:500 ஆக ஐதாக்கினால் உங்களால் காணக்கூடிய மிகக் குறைந்த செறிவு 78 நனோகிராம் ஆகிவிடும்.

இனி ஐதாக்கல். அடுத்தவருடைய எண்ணை எடுத்துப் பயன்படுத்தியதுதான் பிழை. அவருடைய கிட் வேறு, நோயாளர் வேறு, அவர்கள் குடித்த தண்ணீரின் அளவும் வேறு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், அது ஒரே பானைக்குத்தான் பொருந்தும். உங்களிடம் இருப்பவை 52 பானைகள். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரின் சிறுநீரில் என்-கால் சில நனோகிராம்களாக இருக்கலாம், சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவரிடம் அது நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ போகலாம். உங்கள் வளையியின் மேல் எல்லை கீழ் எல்லையின் 64 மடங்கு மட்டுமே. ஆகவே எல்லா மாதிரிகளுக்கும் பொருந்தும் ஒற்றை ஐதாக்கல் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை.

அதற்காக ஒவ்வொன்றையும் குருட்டுத்தனமாக ஓட்டிப் பார்க்கவும் தேவையில்லை. என்-கால் என்ற பெயரிலேயே ஒரு தடயம் உண்டு. அதன் விரிந்த பெயர் நியூட்ரோபில் ஜெலற்றினேசுடன் இணைந்த லிப்போகலின்; அதாவது வெண்குருதிக் கலங்களிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட புரதம் அது. சிறுநீர்ப்பாதையில் தொற்று இருந்து வெண்குருதிக் கலங்கள் சிறுநீரில் இறங்கினால், சிறுநீரகத்தில் எந்தப் பாதிப்பும் இல்லாமலே என்-கால் உயர்ந்துவிடும். எனவே எலைசாவுக்கு முன்னர் 52 மாதிரிகளையும் சாதாரண சிறுநீர்ச் சோதனைக் கீற்றில் தோய்த்து, வெண்குருதிக் கலம், புரதம் ஆகிய இரு கட்டங்களையும் பதிந்துகொள்ளுங்கள். தசைகளிலிருந்து வந்து சிறுநீரில் கழியும் கிரியற்றினினையும் முன்னதாகவே அளந்துவிடுங்கள். வெயிலில் நாள் முழுவதும் வயலில் நின்றவரின் சிறுநீர் தடித்திருக்கும், கிணற்றடியில் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவரின் சிறுநீர் ஐதாக இருக்கும். இரண்டுக்கும் இடையே கிரியற்றினின் பத்து மடங்குக்கு மேல் வேறுபடுவதை நான் கண்டிருக்கிறேன். கீற்றும் கிரியற்றினினும் சேர்ந்து எந்த மாதிரி உயரே நிற்கும், எது கீழே நிற்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும்.

அதன் பிறகு மூன்று பட்டிகளைச் செலவிட்டு ஒரு முன்னோட்டம் செய்யுங்கள். ஒரு பட்டி நியமங்களுக்கும் வெற்றுக் குழிக்கும், மீதிப் பதினாறு குழிகள் நான்கு மாதிரிகளுக்கு. கீற்றில் எதுவும் காட்டாத ஐதான சிறுநீர் ஒன்று, எதுவும் காட்டாத தடித்த சிறுநீர் ஒன்று, புரதம் காட்டியது ஒன்று, வெண்குருதிக் கலம் காட்டியது ஒன்று என எடுத்து, ஒவ்வொன்றையும் 1:5, 1:20, 1:80, 1:320 என நான்கு நான்கு மடங்காக இறக்குங்கள். பிறகு ஒவ்வோர் அளவீட்டையும் அதன் காரணியால் பெருக்கிப் பக்கத்தில் பக்கமாக எழுதுங்கள். ஒரே மாதிரியின் பெருக்கிய எண்கள் எந்த ஐதாக்கலிலிருந்து ஒன்றோடொன்று ஒத்துவரத் தொடங்குகின்றனவோ, அதுவே அம்மாதிரிக்கு உகந்த ஐதாக்கலின் தொடக்கம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2017 ஆம் ஆண்டில் கிண்ணியாப் பக்கம் டெங்கு பெருகியிருந்த மாதங்களில், நான் அப்போது வேலை பார்த்த ஓர் ஆய்வுகூடத்தில், ஒரு நோயாளியின் பெரிற்றின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) மில்லிலீற்றருக்கு 420 நனோகிராம் என்று வந்தது. வளையியின் மேல் எல்லை 1000 ஆக இருந்ததால் எண் ஒழுங்காக உள்ளே விழுந்திருக்கிறது என்று நம்பிக் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன். வைத்தியர் தொலைபேசியில் அழைத்து, நோயாளியின் நிலைக்கும் இந்த எண்ணுக்கும் பொருத்தமே இல்லை என்றார். மீண்டும் எடுத்து 1:10 ஆக ஐதாக்கியபோது மேல் எல்லையைத் தாண்டியது. 1:100 இல் 310 வந்தது, அதாவது 31,000. 1:200 இல் 160 வந்தது, அதாவது 32,000. பிடிக்கும் பிறபொருளெதிரி, காட்டும் பிறபொருளெதிரி இரண்டையும் ஒரே நேரத்தில் மாதிரியோடு கலக்கும் ஒருபடி முறை அது. புரதம் மிதமிஞ்சிப் போனால் இரு பிறபொருளெதிரிகளும் தனித்தனிப் புரத மூலக்கூறுகளால் நிரம்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரே மூலக்கூறு அகப்படுவது குறைந்து, சமிக்ஞை ஏறுவதற்குப் பதிலாக இறங்கிவிடும். இதைக் கொக்கி விளைவு என்பார்கள். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் (நஞ்சுக்கொடித் திசு குமிழிகளாகப் பெருகும் பிழையான கர்ப்பம்) கர்ப்பச் சோதனை சில வேளை எதிர்மறையாக வருவதும் இதனால்தான். வளையியைத் தாண்டும் மாதிரி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், கொக்கியில் சிக்கிய மாதிரியோ சாதுவாக வளையிக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க இரண்டாவது ஐதாக்கல் ஒன்றைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. அன்று முதல் எதிர்பாராத எந்த எண்ணையும் ஒரே ஐதாக்கலை நம்பி நான் வெளியே விட்டதில்லை.

உங்கள் கிட் மாதிரியை இட்டுக் கழுவிய பின்னர் இரண்டாம் பிறபொருளெதிரியைச் சேர்க்கும் இருபடி முறையாக இருந்தால் இந்த ஆபத்து குறைவு. இல்லாமல் போய்விடாது.

—

கொட்டியாரக்_கடல் எழுதியது:

நான் மனித மாதிரிகளில் வேலை செய்பவன் அல்லன். கொட்டியாரக் குடாவை அண்டிய நீர்நிலைகளின் மீன்களில் விற்றலோஜெனின் என்ற முட்டைக்கருப் புரதத்தை அளந்தவன். ஆயினும் ஐதாக்கலில் நான் பட்ட பாடு சகோதரிக்கு உதவலாம்.

விற்றலோஜெனின் ஆண் மீனின் குருதியில் நனோகிராம் அளவிலும், முட்டை வைக்கும் பெண் மீனில் மில்லிகிராம் அளவிலும் இருக்கும். இடைவெளி பத்து இலட்சம் மடங்கு வரை போகும். எனவே ஐதாக்கற் தொடரை நீளமாக இறக்கிப் பார்ப்பது எங்களுக்கு அன்றாட வேலை. முதல் ஆண்டில், கெண்டை மீனுக்கெனச் செய்யப்பட்ட ஒரு கிட்டைத் திலாப்பியாவுக்குப் பயன்படுத்தினேன். ஒரே மாதிரிக்கு 1:100 இல் பெருக்கிய எண் 40 ஆகவும், 1:200 இல் 62 ஆகவும், 1:400 இல் 95 ஆகவும், 1:800 இல் 150 ஆகவும் வந்தது. இன்னும் ஐதாக்கினால் ஓரிடத்தில் நின்றுவிடும் என்று நம்பி இரண்டு தட்டுகளை வீணாக்கினேன். அது நிற்கவே இல்லை. மாதிரியின் கோடு நியமத்தின் கோட்டுக்குச் சமாந்தரமாக இல்லாததே காரணம்: கெண்டையின் புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரி திலாப்பியாவின் புரதத்தை அரைகுறையாகப் பிடித்திருக்கிறது. அத்தகைய இடத்தில் சரியான ஐதாக்கல் என ஒன்று இல்லை.

என்-காலும் சிறுநீரில் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. ஒற்றை மூலக்கூறாகவும், இரட்டையாகவும், ஜெலற்றினேசுடன் பிணைந்தும் காணப்படும். வெண்குருதிக் கலங்களிலிருந்து வருவதில் இரட்டை வடிவம் மிகுதி. ஆகவே முன்னோட்டத்தில் வெண்குருதிக் கலம் காட்டிய மாதிரியின் எண்கள் ஐதாக்க ஐதாக்க ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகின்றனவா என்பதை உற்றுப் பாருங்கள். ஓரிடத்தில் நின்றால் ஐதாக்கல் பிரச்சினை, நிற்காமல் ஏறினால் பிறபொருளெதிரிப் பிரச்சினை.

எதில் ஐதாக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒருமுறை கிட்டின் ஐதாக்கும் கரைசலைச் சேமிப்பதற்காக இடைப்படிகளை வெறும் உப்புக் கரைசலில் செய்தேன். மில்லிலீற்றருக்குச் சில நனோகிராம் அளவில் இருக்கும் புரதம், துணைக்கு வேறு புரதம் இல்லாவிட்டால், பிளாஸ்ரிக் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஐதாக்க ஐதாக்க எனது எண்கள் இறங்கியதற்கு அதுவே காரணமாயிருந்தது. கிட்டின் கரைசல் போதாவிட்டால், 1 சதவீத மாட்டு அல்புமினும் 0.05 சதவீத ருவீன் 20 உம் சேர்த்த பொசுபேற்றுத் தாங்கற் கரைசலை முதற்படிக்கு மட்டும் பயன்படுத்தி, குழிக்குப் போகும் கடைசிப் படியைக் கிட்டின் கரைசலிலேயே செய்யுங்கள். அந்த மாற்றுக் கரைசலில் தெரிந்த அளவு நியமத்தை இட்டு, இட்டது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்த பின்னரே மாதிரியைத் தொடுங்கள்.

—

நிலாவெளி_மாணவி எழுதியது:

ஐயா அவர்களுக்கும் கொட்டியாரக்_கடல் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. கீற்றில் 52 மாதிரிகளையும் பார்த்ததில் 21 மாதிரிகள் வெண்குருதிக் கலத்தையோ புரதத்தையோ இரண்டையுமோ காட்டின. 31 மாதிரிகள் எதையும் காட்டவில்லை. கிட் இருபடி முறையானது. நேற்று முன்னோட்டத்தை ஓட்டினேன். பெருக்கிய எண்களை மில்லிலீற்றருக்கு நனோகிராமில் தருகிறேன்.

எதுவும் காட்டாத ஐதான சிறுநீர்: 1:5 இல் 4.6, 1:20 இல் 4.8, அதற்குப் பின் வளையிக்குக் கீழே போய்விட்டது.

எதுவும் காட்டாத தடித்த சிறுநீர்: 1:5 இல் 30.5, 1:20 இல் 38, 1:80 இல் 39.2, 1:320 இல் வளையிக்குக் கீழே.

புரதம் காட்டியது: 1:5 இல் வளையியைத் தாண்டியது, 1:20 இல் 178, 1:80 இல் 208, 1:320 இல் 211.

வெண்குருதிக் கலம் காட்டியது: 1:5, 1:20, 1:80 மூன்றிலும் தாண்டியது, 1:320 இல் 2464. இதில் ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. 1:5 குழியின் உறிஞ்சல் 2.9, 1:20 குழியின் உறிஞ்சல் 3.3. ஐயா சொன்ன கொக்கி இருபடி முறையிலும் தலையைக் காட்டுகிறது என்றே நினைக்கிறேன்.

இப்போது 18 பட்டிகள், அதாவது 144 குழிகள், மீதமுள்ளன. நியமக் குப்பிகள் இரண்டு இருப்பதால் இரண்டு ஓட்டங்களே சாத்தியம். ஒவ்வோர் ஓட்டத்திலும் நியமங்களுக்கும் வெற்றுக் குழிக்கும் 16 குழிகளும் கட்டுப்பாட்டு மாதிரிக்கு 2 குழிகளும் ஒதுக்கினால், மாதிரிகளுக்கு 108 குழிகள் எஞ்சும். ஒரு மாதிரிக்கு இரண்டு குழிகள். நான்கு குழிகள் மிச்சம். இந்த இரண்டு குழிகளையும் ஒரே ஐதாக்கலில் இரட்டையாக இடுவதா, அல்லது வெவ்வேறு இரண்டு ஐதாக்கல்களில் ஒவ்வொன்றாக இடுவதா?

—

உப்புவெளி_எம்எல்ரி எழுதியது:

மிக நேர்த்தியாகச் செய்திருக்கிறீர்கள். இந்த எண்களில் மூன்று வேறு வேறு விடயங்கள் தெரிகின்றன.

தடித்த சிறுநீர் 1:5 இல் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் காட்டுவது பெரும்பாலும் சிறுநீரின் உப்பும் யூரியாவும் பிறபொருளெதிரியின் பிணைப்பைத் தடுப்பதனால் இருக்க வேண்டும். ஐதான சிறுநீரில் 1:5 உம் 1:20 உம் ஒத்துப்போவது இந்த எண்ணத்தை வலுப்படுத்துகிறது. புரதம் காட்டிய மாதிரி 1:20 இல் 178 என்று குறைந்து வந்ததற்கு வேறு காரணம் உண்டு: குழியில் வாசித்த எண் 8.9, அது வளையியின் வளைந்த தோளில் நிற்கிறது. வளையிக்குள் விழுந்துவிட்டது என்பதற்காக அந்த எண் நல்லதாகிவிடாது. நடுப்பகுதியில், உங்கள் வளையிக்கு ஏறத்தாழ 0.4 முதல் 6 வரை, விழுவதைத்தான் நான் முதலில் நம்புவேன். மூன்றாவது, கொக்கி. நீங்கள் நினைத்தது சரி.

இரண்டு வெவ்வேறு ஐதாக்கல்கள் என்பதே என் தெரிவு. எல்லா மாதிரிகளையும் ஒரே ஏணியில் இறக்குங்கள். 20 மைக்ரோலீற்றர் சிறுநீருடன் 180 சேர்த்தால் 1:10. அதிலிருந்து 50 எடுத்து 200 சேர்த்தால் 1:50. அதிலிருந்து 25 எடுத்து 225 சேர்த்தால் 1:500. கீற்றில் எதுவும் காட்டாதவற்றுக்கு 1:10 உம் 1:50 உம், காட்டியவற்றுக்கு 1:50 உம் 1:500 உம் குழிக்குப் போகட்டும். முதற் கூட்டத்துக்கு 1.6 முதல் 500 வரையும், இரண்டாம் கூட்டத்துக்கு 7.8 முதல் 5000 வரையும் உங்கள் கை எட்டும். ஐதாக்கும் கரைசல் முதற் கூட்டத்தில் மாதிரிக்கு 380 மைக்ரோலீற்றரும் இரண்டாம் கூட்டத்தில் 605 மைக்ரோலீற்றரும் வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 24.5 மில்லிலீற்றர். போத்தலில் அவ்வளவு இருக்கிறதா என்பதை ஓட்டத்துக்கு முதல் நாளே அளந்து பாருங்கள்.

1 மைக்ரோலீற்றரை எடுத்து 499 இல் இட்டு ஒரே படியில் 1:500 ஆக்கும் ஆசை வரக் கூடாது. முனையின் வெளிப்புறத்தில் ஒட்டிய ஒரு சிறு துளியே அங்கு பெரும் பிழையாகிவிடும். 10 மைக்ரோலீற்றருக்குக் கீழே எடுக்காதீர்கள். ஒவ்வொரு படிக்கும் முனையை மாற்றுங்கள். நன்றாகக் கலக்கிய பின்னரே அடுத்த படிக்குப் போங்கள்.

—

சாம்பல்தீவு_ஆய்வாளர் எழுதியது:

மூத்தவரின் ஏணியை நான் முழுமனதோடு ஏற்கிறேன்; ஆனால் இரட்டைக் குழியைக் கைவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மாதிரிக்கு 1:10 இல் ஒரே ஒரு குழி மட்டும் இருந்து, அந்தக் குழியில் ஒரு குமிழி இருந்தாலோ கழுவுதல் சரியாக நடக்காதிருந்தாலோ, அதைக் கண்டறிய எதுவும் இராது. 1:50 இல் அந்த மாதிரி வளையிக்குக் கீழே போயிருந்தால் ஒப்பிடுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது. சகோதரியின் ஐதான சிறுநீர் மாதிரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 4.6 ஐ 50 ஆல் வகுத்தால் 0.09. அந்தக் குழி வெறுமனே வீணாகிவிடும். நோயின் தொடக்கத்தைத் தேடும் ஆய்வில் குறைந்த எண்களே ஒப்பீட்டுக்கு அடித்தளம் என்பதால், அங்கே துல்லியத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திருகோணமலையின் வெக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், குளிரூட்டி இல்லாத அறையில், தட்டின் ஓரக் குழிகள் நடுக் குழிகளை விட வேகமாகச் சூடாகி, மூடி சரியாக ஒட்டாவிட்டால் வற்றியும் போகின்றன. ஒற்றைக் குழியில் இருந்த மாதிரி ஓரத்தில் அகப்பட்டால் அந்தப் பிழையும் ஐதாக்கற் காரணியால் பெருகும்.

—

உப்புவெளி_எம்எல்ரி எழுதியது:

சாம்பல்தீவாரின் கருத்து நியாயமானது. ஐதான சிறுநீரைப் பொறுத்தவரை நான் அதை எண்ணிப் பார்க்காமல் விட்டுவிட்டேன். ஆயினும் மற்றைய மாதிரிகளில், 1:10 உம் 1:50 உம் பெருக்கிய பின்னர் ஒத்துவந்தால், அவை இரட்டைக் குழிகள் தருவதை விடக் கூடுதலான சான்றைத் தருகின்றன என்றே சொல்வேன். ஒரே ஐதாக்கலை இரு குழிகளில் இட்டால் குழியின் பிழை தெரியும். ஐதாக்கியபோது நேர்ந்த பிழை இரண்டிலும் ஒரே மாதிரியாக இருந்து மறைந்துவிடும். கொக்கியும் மறைந்துவிடும்.

எனவே இப்படிச் செய்யலாம். கீற்றில் எதுவும் காட்டாமல், கிரியற்றினினும் மிகக் குறைவாக உள்ள மாதிரிகளுக்கு மட்டும் இரண்டு குழிகளையும் 1:10 இல் இரட்டையாக இடுங்கள். ஏனையவற்றை இரு ஐதாக்கல்களில் இடுங்கள். ஒரு மாதிரியின் இரு குழிகளும் தட்டின் ஓரத்தில் அமையாதபடி வரைபடத்தை முன்கூட்டியே வரைந்துகொள்ளுங்கள். முதல் ஓட்டத்தைக் குறைந்த பட்டிகளோடு நடத்துங்கள். அதில் சரிவராத மாதிரிகளுக்கு இரண்டாம் ஓட்டத்தில் அந்த மிச்ச நான்கு குழிகளும் கைகொடுக்கும்.

—

நிலாவெளி_மாணவி எழுதியது:

இந்த ஒழுங்கே எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. கிரியற்றினின் மிகக் குறைவாக உள்ளவை 9 மாதிரிகள். அவற்றை 1:10 இல் இரட்டையாக இடப்போகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. இரு ஐதாக்கல்களின் எண்கள் எவ்வளவு வேறுபட்டால் "ஒத்துவருகின்றன" என்று எழுதலாம்? அத்துடன், வழிகாட்டித் தாளில் 1:10 என்பது ஒரு பங்கு மாதிரியும் ஒன்பது பங்கு கரைசலுமா, அல்லது ஒரு பங்கும் பத்துப் பங்குமா என்பது தெளிவாக இல்லை.

—

கொட்டியாரக்_கடல் எழுதியது:

மருந்து ஆய்வுகளுக்கென 2022 இல் வெளியான ஐ.சி.எச். (மருந்து விதிகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் சர்வதேச அமைப்பு) எம்10 வழிகாட்டல், சமாந்தரத்தைச் சோதிக்கும்போது ஓர் ஐதாக்கற் தொடரின் பெருக்கிய எண்களுக்கிடையிலான மாறற் குணகம் (சராசரியோடு ஒப்பிட்ட சிதறலின் அளவு) 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நியமத்தைத் தெரிந்த அளவு இட்டு ஐதாக்கிப் பார்க்கும் சோதனையில் 20 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்கிறது. உங்கள் ஆய்வு அதற்குக் கட்டுப்பட்டதன்று. எனினும் முன்னோட்டத்தின் ஒழுங்கான எண்களைப் பார்க்கும்போது 20 ஐயே எல்லையாக வைக்கலாம். எந்த எல்லையை வைத்தாலும் ஓட்டத்துக்கு முன்னரே குறிப்பேட்டில் எழுதித் திகதியிடுங்கள். எண்களைக் கண்ட பின்னர் எல்லையை நகர்த்தும் ஆசை எவருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது.

இரண்டு எண்களும் ஒத்துவந்தால் சராசரியை எழுதலாம். ஒத்துவராவிட்டால், வளையியின் நடுவில் விழுந்ததை எடுத்து, மற்றதை ஏன் விட்டீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஐதாக்கும்போது எண் ஏறியிருந்தால் அந்த மாதிரியை மிச்ச நான்கு குழிகளில் ஒன்றில் இன்னும் ஐதாக்கிப் பாருங்கள்.

1:10 பற்றி: ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் அது பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்றும் ஒன்பதும். சில உற்பத்தியாளர்கள் ஒன்றும் பத்தும் என்ற பொருளில் எழுதுகிறார்கள். 1:500 இல் இந்தக் குழப்பம் கண்ணுக்கே தெரியாது. 1:2 இல் அது இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு. அதனால் நான் குறிப்பேட்டில் விகிதமே எழுதுவதில்லை. "20 மைக்ரோலீற்றர் மாதிரி, 180 மைக்ரோலீற்றர் கரைசல், காரணி 10" என்று முழுமையாக எழுதிவிடுவேன்.

உறைந்த சிறுநீரை இளக்கியதும் அடியில் வெண்மையான படிவு தெரிந்தால், அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, கலக்கி, மையநீக்கியில் சுழற்றி, மேலே தெளிந்த பகுதியிலிருந்து அந்த 20 மைக்ரோலீற்றரை எடுங்கள். படிவோடு எடுத்தால் முதற்படியிலேயே அளவு பிழைத்துவிடும்.

—

நிலாவெளி_மாணவி எழுதியது:

20 சதவீதம் என்று குறிப்பேட்டில் எழுதி, இன்றைய திகதியையும் இட்டுவிட்டேன். ஐதாக்கும் கரைசல் இரண்டு போத்தல்களிலும் சேர்த்து 31 மில்லிலீற்றர் இருக்கிறது. நியமங்களுக்கு எடுத்த பின்னரும் போதும். முதல் ஓட்டம் வரும் செவ்வாய்க்கிழமை காலையில், வெக்கை ஏறுவதற்கு முன்னர் தொடங்கும். எண்கள் வந்தவுடன், ஒத்துவராதவை உட்பட, இங்கேயே பதிகிறேன்.